ஆச்சு என்றால் ஆச்சா

மார்லிஸ் எங்ஸ்ட்ரம் எதையும் திறந்துபோட்டுவிட்டுப் போகமாட்டாள். அலமாரிக் கதவானாலும் சரி, காப்பித்தூள் டப்பாவானாலும் சரி, அடுத்தவர் காரின் பெட்ரோல் மூடியானாலும் சரி, கண்ணில் பட்டால் கை தானாகப் போய் மூடிவிடும். அலுவலகத்தில் யாராவது கொட்டாவி விட்டால், “சீக்கிரம் முடி, மார்லிஸ் வந்து வாயைச் சாத்திடப்போறா” என்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. மூடவேண்டியதை மூடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பவள்.

வேலை, கணினி நிரல் எழுதுவது. பெமிட்ஜி ஊரில் பழைய செருப்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து நடத்தும் சின்ன நிறுவனம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்குக் கவுன்ட்டிகளில், அதாவது மாவட்டங்களில், பனி அள்ளும் லாரிகள் எந்தச் சாலையை அள்ளி மணல் தூவின, எது பாக்கி என்று கவுன்ட்டி அலுவலகத் திரையில் பட்டியல் போட்டுக் காட்டும் மென்பொருளைச் செய்து விற்றார்கள். முப்பத்தொரு வருஷமாக மார்லிஸ் அங்கேதான். மார்ச் கடைசியில் ஓய்வு.

இந்தத் தொழிலில் திறப்பதும் மூடுவதும் விளையாட்டுக் காரியமில்லை. நிரல், தகவலெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் தரவுத்தளத்திடம் ஒன்று கேட்கவேண்டுமானால் முதலில் ஓர் இணைப்பைத் திறக்க வேண்டும். கேட்டு வாங்கியதும் மூடிவிட வேண்டும். இணைப்புகள் எண்ணிக்கொடுத்தவை. மூடாமல் விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மீதி இருக்காது, எல்லாம் அப்படியே நின்றுபோகும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மார்லிஸே அப்படி ஒன்றை மூட மறந்தாள். நன்றிகூறும் பண்டிகை நாள் காலையில் மூன்று கவுன்ட்டிகளின் திரை உறைந்துபோய், வான்கோழியை அடுப்பில் வைக்கவேண்டிய நேரத்தில் அவள் பனியில் வண்டியோட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். திரும்பி வந்து ஒரு காகிதத்தில் ‘திறந்தவர் மூடுக’ என்று எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியவள்தான். காகிதம் பழுப்பேறிவிட்டது. அதற்கப்புறம் அவள் எழுதிய நிரலில் மூடாத இணைப்பு ஒன்று கிடையாது.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்குப் போனால், “சரி, கிளம்பணும்” என்று இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். எழுந்தவர் கதவருகே கால்மணி நேரம் நிற்பார். கோட்டு மாட்டிக்கொண்டு இன்னொரு கால்மணி. காரின் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு மீன் எங்கே தூண்டிலைக் கடிக்கிறது என்பதில் இன்னும் பத்து நிமிஷம். மார்லிஸுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. கிளம்புகிறேன் என்று வாயால் சொன்னால் காலும் கிளம்ப வேண்டும். அவள் “வர்றேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் கார் தெருமுனை திரும்பியிருக்கும். அவள் புருஷன் ஆரின், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவன், பாதி விருந்துகளில் கையில் பலகாரத்தோடு பின்னால் ஓடிவந்துதான் வண்டியில் ஏறியிருக்கிறான்.

பழைய நிரலும் மார்லிஸ் மாதிரிதான். ஒன்றைக் கேட்கும், பதில் வரும்வரை அங்கேயே நிற்கும், வாங்கும், மூடும், போகும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஆனால் லாரிகள் பெருகின, கவுன்ட்டிகள் பெருகின, நிற்க நேரமில்லாமல் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் புது முறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. புது முறையில் நிரல் நிற்காது. உணவகத்தில் ஆர்டர் சொல்லிவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வதுபோல, கேட்டுவிட்டு டோக்கனோடு வேறு வேலை பார்க்கப் போய்விடும். பதில் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகவேண்டும் என்ற இடத்தில் ‘அவெயிட்’ என்று ஒரு சொல் போட வேண்டும். காத்திரு என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு சொல் எங்கே வரவேண்டும், எங்கே வேண்டாம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மண்டை காய்ந்தது.

மாற்றும் வேலைக்காகச் செயின்ட் கிளவுடிலிருந்து ரெனாட்டா பியால்கேயை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முப்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. நாலாவது படிக்கும் மகள் உண்டு, ஆஸ்துமாக்காரி. ரெனாட்டா அதிகம் பேசமாட்டாள், நன்றாக எழுதுவாள். மேலாளர் வெர்லின் ஸ்கூக் அவளிடம், மார்லிஸ் ஓய்வுபெற்றதும் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தார். நிரந்தர வேலையென்றால் மருத்துவக் காப்பீடு உண்டு, மகளுக்கும் சேர்த்து. ரெனாட்டா ஒவ்வொரு வாரமும் அந்த ஒன்றை நினைத்துத்தான் வேலைக்கு வந்தாள். இது எல்லாருக்கும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு பெரும்பனி அடித்தது. ஒரு கவுன்ட்டியின் அலுவலகத் திரையில் காலையில் வந்த பட்டியல் மத்தியானம் வரை மாறவே இல்லை. ஏரிக்கரை மேட்டுச் சாலை ‘மணல் தூவியாயிற்று’ என்றே இருந்தது. தூவியது காலை ஆறு மணிக்கு. அதற்குமேல் ஒன்பது அங்குலம் பனி விழுந்து, லாரி வேண்டும் என்று மூன்று முறை தகவல் பதிவாகியும் திரையில் அது வரவில்லை. திரையைப் பார்த்தவர் லாரி அனுப்பவில்லை. பள்ளிப் பேருந்து மேட்டில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே பதினோரு பிள்ளைகள். யாருக்கும் அடியில்லை, ஓட்டுநரின் பிளாஸ்க்தான் உடைந்தது. இருந்தாலும் கவுன்ட்டி அலுவலகத்துக்காரர் அன்றைக்கே வெர்லினுக்குப் போன் செய்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தேடினார்கள். வெயிலடிக்கும் நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பனி கொட்டினால் மட்டும் திரை பழைய பட்டியலோடு நின்றுவிடும். வெர்லின் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மார்லிஸ் தன் பங்குக்கு மூடாத இணைப்பு எதாவது இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான வரிகளைத் துழாவினாள். எல்லாம் மூடித்தான் இருந்தது.

கண்டுபிடித்தது ரெனாட்டாதான். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானக் கூட்டத்தில், அந்த வரியைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள்.

“மூடாததால வந்த வினை இல்ல இது. முன்னாடியே மூடிட்டதால வந்தது” என்றாள்.

சில வரிகளை ஒன்றாகச் சேர்த்த ஒரு கட்டுக்குள் இணைப்பைத் திறந்தால், கட்டைவிட்டு வெளியே வரும்போது அது தானாக மூடிக்கொள்ளும்படி அந்த மொழியிலேயே ஏற்பாடு உண்டு. கட்டின் கடைசி வரி, பதிலைத் திருப்பிக் கொடுக்கும் வரி. அதில் அவெயிட் இல்லை. ஆகவே நிரல் பதிலுக்குப் பதிலாக டோக்கனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது. வந்ததும் கட்டு தன் கடமையைச் செய்து இணைப்பை மூடியது. உள்ளே பதில் இன்னும் வந்துகொண்டிருந்தது, பாதியில் அறுந்தது. லாரிகள் குறைவாக ஓடும் நாளில் பதில் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கும், டோக்கனை நீட்டுவதற்குள் அதுவும் வந்துவிடும். பெரும்பனியில் பதில் தாமதமாகும். அறுந்துபோனால் ஆட்களைப் பயமுறுத்தாமல் பழைய பட்டியலையே காட்டு என்று எப்போதோ யாரோ எழுதிவைத்திருந்த விதி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

“ஒரே ஒரு சொல்” என்றார் வெர்லின். “யாரு எழுதினது?”

எதிரே உட்கார்ந்திருந்த மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “யாரா இருந்தாலும் சரி, எழுதினவங்க ஒரு தடவை படிச்சுக்கூடப் பார்க்கலையா?” என்றாள்.

ரெனாட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் பதிவைத் திறந்தார். எந்த வரியை யார், எந்த நாள் மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜனவரி பதினான்கு, ரெனாட்டா பியால்கே.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என் அறைக்கு வாங்க என்று வெர்லின் அவளிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஊரில் குரலை உயர்த்தாமல்தான் வேலையைவிட்டு அனுப்புவார்கள். கவுன்ட்டிக்காரர் தப்புச் செய்தவரின் பேர் கேட்டுத் தினமும் போன் செய்துகொண்டிருந்தார், யாரையாவது காட்டியாக வேண்டும். ரெனாட்டா அன்றைக்கே அந்தச் சொல்லை அதன் இடத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மார்லிஸுக்குப் பாவமாக இருந்தது. கெட்டிக்காரப் பெண், இப்படிக் கவனக்குறைவாக இருந்துவிட்டாளே என்று ஆரினிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனார்கள். ஐஸில் துளையிட்டு உள்ளே உட்கார்ந்தபடி தூண்டில் போடுவதற்காகக் குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியின்மேல் நிற்கும் மீன்பிடி வீடுகளை, அரசு குறித்த கெடுவுக்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும். திங்கள் நள்ளிரவோடு கெடு. கடைசி நாள்வரை விட்டுவைப்பது மார்லிஸுக்கு ஆகாத காரியம், ஆனால் ஆரினுக்கு வால்ஐ என்ற ஏரிமீன்மேல் இருந்த ஆசை தீரவில்லை. எட்டுக்குப் பத்தடியில் மரப்பலகை வீடு. அடியில் உறைந்துபோன கட்டைகளை இருவருமாகக் கடப்பாரையால் கொத்தி எடுத்தார்கள். மார்லிஸ் சுற்றிலும் கிடந்த கயிறு, காலி டப்பா, சிகரெட் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டாள். சிகரெட் துண்டு பக்கத்து வீட்டுக்காரருடையது. அதையும் பொறுக்கினாள்.

ஆரின் உள்ளே அடுப்பை அணைத்துத் தூண்டில்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“ஆச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு” என்றான்.

மார்லிஸ் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டிப் பூட்டும் போட்டாள். வீட்டைப் பிக்கப் வண்டியின் பின்கொக்கியில் மாட்டிவிட்டு, ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். பத்தடி இழுத்திருப்பாள், பின்னால் பலகையில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தாள்.

“மார்லிஸ்.”

“என்ன?”

“நான் உள்ள இருக்கேன்.”

“ஆச்சுன்னு சொன்னியே.”

“சொன்னேன். சொன்னேன்தான். இன்னும் ஆகலையே.”

மார்லிஸ் கையில் சாவியோடு நின்றாள். ஏரிமேல் காற்று ஊளையிட்டது. சொன்னேன்தான், இன்னும் ஆகலையே. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. யாரோ சொல்லத்தான் சொன்னார்கள், அவள்தான் காதில் வாங்கவில்லை. அப்போதுதான் ஜனவரி பதினான்காம் தேதி அப்படியே கண்முன் வந்து நின்றது.

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி அன்றைக்கு. ரெனாட்டா மாற்றியெழுதிய நிரலைச் சரிபார்ப்பதற்காக மார்லிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரெனாட்டாவின் கார் எஞ்சினை உறையாமல் சூடாக வைக்கும் மின்வயர் கழன்றுவிட்டதாகக் கீழேயிருந்து யாரோ கூப்பிட, அவள் எழுந்துபோனாள். மார்லிஸ் அவள் நாற்காலிக்கு மாறி, அவள் கணினியில், அவள் பேரில் திறந்திருந்த கோப்பைப் படித்தாள். கடைசி வரியில் ஓர் அவெயிட். திருப்பிக் கொடுக்கும் வரியில் எதற்குக் காத்திருப்பது? கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதானே. வாசலில் நின்றுகொண்டு கதைபேசும் விருந்தாளி ஞாபகம் வந்தது அவளுக்கு. அந்தச் சொல்லை அழித்தாள். அழித்து, சேமித்து, பொது நிரலுக்கு அனுப்பியும்விட்டாள்.

ரெனாட்டா தொப்பியில் பனியோடு திரும்பி வந்தபோது, “ஒரு சொல் அதிகமா இருந்துது, எடுத்துட்டேன்” என்றாள்.

ரெனாட்டா குனிந்து பார்த்தாள். “அது அங்க இருக்கணும்னு நெனக்கிறேன், மார்லிஸ்.”

“திருப்பிக் கொடுக்கறதுதானே கடைசி வேலை. கொடுத்தா ஆச்சு. முப்பது வருஷமா இப்படித்தான் எழுதறேன்.”

முப்பது வருஷமாக அது சரியாகத்தான் இருந்தது. பழைய முறையில் திருப்பிக் கொடுத்தால் கையில் பதில் இருக்கும். புது முறையில் கையில் இருப்பது டோக்கன். ஆச்சு என்ற பேச்சு மட்டும். அந்தப் பேச்சை நம்பி, உள்ளே ஆள் இருக்கும்போதே கதவைப் பூட்டியவள் அவள்தான்.

“கதவைத் திறக்கறியா,” என்றது பலகைக்குள்ளிருந்து வந்த குரல், “இல்ல ஏப்ரல்ல ஐஸ் உருகினதும் நானே வந்துக்கட்டுமா?”

திறந்தாள். ஆரின் அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து டேட்டர் டாட் ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்கு இறைச்சிப் பதார்த்தத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே மனசு ஒரு மூலையில் வேறு கணக்குப் போட்டது. அதையும் மறைக்காமல் சொன்னாள். பதிவில் இருப்பது ரெனாட்டாவின் பேர். வேறு யாரும் பார்க்கவில்லை. பிழை சரியாகிவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் ஓய்வு. பிரிவுபசாரத்துக்குக் கேக் சொல்லியாயிற்று, அதில் ‘எதையும் திறந்துபோட்டுவிட்டுப் போகாத மார்லிஸுக்கு’ என்று எழுதப்போகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடுவதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே. வெட்கமாக இருந்தது அவளுக்கு, அறுபத்துமூன்று வயதில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று.

ஆரின் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை பரிமாறிக்கொண்டான்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்காரு?”

“பத்து.”

“வண்டியை எட்டுக்கே சூடு பண்ணி வெக்கறேன்” என்றான்.

திங்கட்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மார்லிஸ் வெர்லினின் அறைக்குள் போனாள். ரெனாட்டா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், கோட்டைக் கழற்றாமல். மேஜைமேல் ஓர் உறை இருந்தது.

“மார்லிஸ், கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாமா? இவங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார் வெர்லின்.

“அந்த விஷயம்தான்.”

“அப்ப கதவைச் சாத்துங்க.”

“வேண்டாம்” என்றாள் மார்லிஸ். “திறந்தே இருக்கட்டும். வெளியில இருக்கறவங்களுக்கும் கேக்கணும்.”

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. மார்லிஸ் கதவைத் திறந்துபோட்டு நிற்பதை அந்த அலுவலகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

“அந்தச் சொல்லை எடுத்தது நான்” என்றாள். “ஜனவரி பதினாலு. இவ கார் வயரை மாட்டக் கீழ போயிருந்தா. இவ நாற்காலியில உட்கார்ந்து, இவ பேர்ல நான் எடுத்தேன். இவ எழுதியிருந்தது சரி. திரும்பி வந்து, அது இருக்கணும்னும் சொன்னா. நான்தான் கேக்கல. கவுன்ட்டிக்காரருக்குப் பேர் வேணும்னா என் பேரைக் கொடுங்க.”

வெர்லின் உறையைப் பார்த்தார், மார்லிஸைப் பார்த்தார். “பதிவுல இவங்க பேருதானே இருக்கு?”

“பேரு அவளோடது. விரல் என்னோடது.”

வெர்லின் ரெனாட்டா பக்கம் திரும்பினார். “நிஜமா?”

“நானும் அதை விட்டிருக்கக்கூடாது” என்றாள் ரெனாட்டா. “திரும்பப் போட்டிருக்கணும். அது என் தப்பு. மத்தபடி அவங்க சொல்றது நிஜம்தான்.”

வெர்லின் உறையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். “சரி, இது ஒண்ணும் நல்லா இல்ல” என்றார். அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயிலிருந்து வருவதில் அதுதான் கடுமையான வசவு. அன்று சாயங்காலமே கவுன்ட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் மார்லிஸின் பேர் இருந்தது. வேறு பேர் இல்லை.

மாடிப்படியில் ரெனாட்டாவை மடக்கினாள் மார்லிஸ்.

“உனக்கு எப்ப ஞாபகம் வந்துது?”

“வெள்ளிக்கிழமை. அந்த வரியைப் பார்த்ததுமே.”

“அங்கயே சொல்லியிருக்கலாமே. நான் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்.”

“சொன்னா யாரு நம்புவா? ஒரு பக்கம் ஒப்பந்தத்துல வந்தவ, இன்னொரு பக்கம் நீங்க” என்றாள் ரெனாட்டா. கைப்பிடியில் கையுறையைத் தட்டிக்கொண்டே பேசினாள். “உங்களுக்கே ஞாபகம் வரும்னு உங்க மூஞ்சியையே பார்த்துட்டிருந்தேன். நீங்க கண்ணாடியைக் கழட்டினீங்க. சரி, வந்துடுச்சு, சொல்லப்போறாங்கன்னு நெனச்சேன். எழுதினவங்க படிச்சுப் பார்க்கலையான்னு கேட்டீங்க.”

மார்லிஸுக்குச் சுருக்கென்றது.

“அப்புறமும் ரெண்டு நாள் காத்திருந்தேன்” என்றாள் ரெனாட்டா. “என் மககிட்ட இன்னும் எதுவும் சொல்லல.”

“எனக்கு மன்னிப்புக் கேக்கத்தான் தெரியும்மா. வேற ஒண்ணும் இப்ப செய்யத் தெரியல.”

“கேட்டுட்டீங்க” என்றாள் ரெனாட்டா. அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று மார்லிஸும் எதிர்பார்க்கவில்லை.

நிரந்தர வேலைக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. பேக்கரிக்காரர் எழுத்தை மாற்ற மறுத்துவிட்டதால் கேக் அதே வாசகத்தோடு வந்தது. மார்லிஸ் கத்தியை வாங்கி ‘எதையும்’ என்ற சொல்லின்மேல் முதல் துண்டை வெட்டித் தானே தின்றாள். ஏரியில் ஆரினை உள்ளே வைத்துப் பூட்டிய கதையையும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், ரெனாட்டாவும் கொஞ்சம்.

பழுப்பேறிய காகிதத்தை எடுத்துக் கசக்கப்போனவளை ரெனாட்டா தடுத்து, அதை வாங்கித் தன் மேஜைக்கு மேலே ஒட்டிக்கொண்டாள். அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: ‘உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்து.’

சாயங்காலம் ரெனாட்டாவைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். கீழே ஆரின் வண்டியில் காத்திருந்தான். விளக்கையணைத்துப் பூட்டிச் சாவியைப் போகிற வழியில் வெர்லின் வீட்டில் கொடுக்கவேண்டிய பொறுப்பு மார்லிஸுடையது. அவள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். உள்ளே ரெனாட்டா கணினியை மூடிக்கொண்டிருந்தாள்.

“ஆச்சு, அணைச்சுடுங்க” என்று குரல் வந்தது.

மார்லிஸ் அணைக்கவில்லை. ரெனாட்டா பையைத் தேடினாள், கையுறையைத் தேடினாள், மகளிடமிருந்து போன் வந்து அதில் பேசினாள். கால்மணி ஆயிற்று, இன்னொரு கால்மணி ஆயிற்று. கீழேயிருந்து ஆரின் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். ரெனாட்டா வெளியே வந்து, அவளைத் தாண்டிப் படியில் கால் வைத்த பிறகுதான் மார்லிஸ் விளக்கை அணைத்தாள்.